தூங்குபவர் அறையில் ஏசி ஏன் நிற்கிறது? விடுதித் தொழில்நுட்பம்: வாசகர் கேள்வி-பதில்

விடுதி, ரிசார்ட் நடத்துபவர்களும் அங்கே தங்கிப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

கே: எங்கள் விடுதியில் 60 அறைகள். அட்டை காட்டித் திறக்கும் பூட்டுகளை எடுத்துவிட்டு, போனிலேயே திறக்கும் பூட்டுகளுக்கு மாறச் சொல்கிறார் விற்பனையாளர். மாறலாமா?

ப: மாறலாம். ஆனால் அட்டையைக் கைவிடாதீர்கள். சார்ஜ் தீர்ந்த போனோடு நள்ளிரவில் வந்து நிற்பவர், செயலி இறக்கப் பொறுமையில்லாத பெரியவர், நீச்சல் குளத்திலிருந்து ஈரத்தோடு ஓடிவரும் பிள்ளைகள் என்று அட்டை கேட்பவர்கள் தினமும் இருப்பார்கள். போன், அட்டை இரண்டுக்கும் திறக்கும் பூட்டாகப் பாருங்கள். பல மாடல்களில் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. புளூடூத் உள்ள ரீடர் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். விலை பேசும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான விடுதிப் பூட்டுகள் இணையத்தில் இணைந்தவை அல்ல. சாவிக்கான அனுமதி சர்வரிலிருந்து போனுக்கு வருகிறது. போன் அதைப் புளூடூத் வழியாகப் பூட்டிடம் காட்டுகிறது. ஆகவே கதவருகே நெட் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும். ஆனால் சாவி போனில் இறங்கும் அந்த ஒரு தடவை நெட் வேண்டும். சிக்னல் எட்டாத குடில்கள் இருந்தால், ரிசப்ஷனை விட்டுக் கிளம்பும் முன்பே சாவி இறங்கிவிட்டதா என்று ஊழியர் பார்க்க வேண்டும்.

அடுத்தது அட்டைக்குள் இருக்கும் சிப். பழைய மைஃபேர் கிளாசிக் வகையின் ரகசியக் குறியீட்டை ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2024 மார்ச்சில் டோர்மகாபா நிறுவனத்தின் சாஃப்லாக் பூட்டுகளில் ஒரு ஓட்டை வெளியே வந்தது: அந்த விடுதியின் ஏதாவது ஒரு அட்டை, காலாவதியானதாக இருந்தாலும், கையில் கிடைத்தால் போதும், அதை வைத்து இரண்டு போலி அட்டைகள் செய்து எந்த அறையையும் திறந்துவிடலாம். 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள் இதில் சிக்கின. நெட்டில் இல்லாத பூட்டுக்குத் திருத்தம் தானாக வந்து சேராது. கதவு கதவாகப் போய்ப் பூட்டின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். ரிசப்ஷன் மென்பொருளும் அட்டை எழுதும் கருவியும் மாற வேண்டும். பழைய அட்டைகளைக் கழிக்க வேண்டும். எனவே விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகள்: அட்டை டெஸ்ஃபயர் போன்ற புதிய வகையா? நாளை ஓட்டை தெரிந்தால் புதுப்பிக்கும் வேலையை யார், யார் செலவில் செய்வது? பதில் எழுத்தில் வேண்டும்.

பராமரிப்பில் பேட்டரிதான் பாதி வேலை. பொதுவாக ஒரு பூட்டுக்கு 4 ஏஏ ஆல்கலைன். 60 கதவுக்கு 240. எச்சரிக்கை விளக்குக்காகக் காத்திராமல் ஒரு வாரம் ஒதுக்கி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். நீடித்து உழைக்கும் என்று லித்தியம் ஏஏ போட ஆசை வரும். அதன் மின்னழுத்தம் கடைசி வரை குறையாமல் நின்று சட்டென்று விழும், எச்சரிக்கைக்கு அவகாசமே இருக்காது. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஒழியப் போடாதீர்கள். பேட்டரி மாற்றும்போது சில பூட்டுகளின் கடிகாரம் குழம்பிவிடும். கடிகாரம் தப்பானால் இன்று வந்தவரின் அட்டையைக்கூடக் 'காலாவதி' என்று பூட்டு நிராகரிக்கும். ஒரே அறையிலிருந்து மூன்று முறை அட்டைப் புகார் வந்தால் நான்காவது அட்டை அடிக்காதீர்கள். பூட்டைச் சோதிக்கும் கையடக்கக் கருவியைக் கொண்டுபோய்ப் பூட்டின் நேரத்தைப் பாருங்கள்.

பச்சை விளக்கு எரிகிறது, கைப்பிடியும் இறங்குகிறது, கதவு மட்டும் அசையவில்லை என்றால் மின்னணுப் பகுதியைக் குறை சொல்லாதீர்கள். கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். திறந்தால், தாழ்ப்பாள் நாக்கு, அது நுழையும் நிலைத்தகட்டில் அழுந்திக் கிடக்கிறது என்று பொருள். கீல் இறங்கியிருக்கும் அல்லது கதவோர ரப்பர் புடைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் வேலை.

கே: ஆள் இல்லாதபோது ஏசியை நிறுத்தும் சென்சார் போட்டோம். நடு ராத்திரியில் ஏசி நின்றுவிடுகிறது என்று தங்குபவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். சென்சாரைக் கழற்றிவிடலாமா?

ப: கழற்ற வேண்டாம், அது முடிவெடுக்கும் முறையை மாற்றுங்கள். உங்களுடையது நகரும் உடல்வெப்பத்தை மட்டும் பார்க்கும் பிஐஆர் சென்சாராக இருக்க வேண்டும். போர்வைக்குள் அசையாமல் தூங்குபவர் அதன் கண்ணுக்கு இல்லாதவர். பொருத்தியவர் '20 நிமிடம் அசைவில்லை என்றால் நிறுத்து' என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்.

வாசல் கதவில், அது திறந்ததா மூடியதா என்று காட்டும் ஒரு காந்தத் தொடர்பு பொருத்தி, இரண்டையும் சேர்த்து முடிவெடுக்க வையுங்கள். கதவு திறந்து மூடியதும் சென்சார் பார்க்கத் தொடங்கும். 10 நிமிடத்துக்குள் ஒரு அசைவு தெரிந்தாலும் 'ஆள் உண்டு' என்று முடிவு செய்துகொள்ளும். கதவு மறுபடி திறக்கும்வரை அந்த முடிவு மாறாது. அசைவே இல்லையென்றால் ஆள் இல்லை. தனியாகத் தங்குபவருக்கு இது போதும்.

இருவர் தங்கும் அறையில்தான் தகராறு. ஒருவர் தூங்குகிறார், மற்றவர் அதிகாலை நடைக்குக் கிளம்புகிறார். கதவு திறந்து மூடுகிறது, 10 நிமிடம் அசைவில்லை, ஏசி போயே போய்விட்டது. இதற்கு வழி இரண்டு. இரவு 10 முதல் காலை 8 வரை, ஒருமுறை 'ஆள் உண்டு' ஆன அறை மாறாதபடி வைப்பது செலவில்லாத வழி. மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூடக் கண்டுகொள்ளும் ரேடார் சென்சார் இன்னொன்று. 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை இப்போது கிடைக்கின்றன. ரேடாருக்கு வேறு தொல்லை. மெல்லிய பலகைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து அறை ஆளையும் பார்க்கும். ஓடும் மின்விசிறியை ஆள் என்று நினைக்கும். அது பார்க்கும் தூரத்தையும் பரப்பையும் அறைக்கேற்பக் குறுக்கிவிட வேண்டும். ஒரு மாதிரி அறையில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்காமல் மொத்தமாக வாங்காதீர்கள்.

இன்னொரு தவறு, ஆள் இல்லை என்றதும் ஏசியை அடியோடு நிறுத்துவது. ஈரப்பதம் மிகுந்த இடங்களில் நான்கு நாள் காலியாகக் கிடந்த அறையில் திரைச்சீலைக்குப் பின்னாலும் அலமாரிக்குள்ளும் பூஞ்சை பிடித்துவிடும். 26-27 டிகிரிக்கு ஏற்றி வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால்கனிக் கதவு திறந்தால் ஏசி நிற்கும்படி வைப்பது நல்லது, ஆனால் உடனே அல்ல. துண்டு எடுக்கப் போனவர் திரும்பி வர ஒரு நிமிடமாவது கொடுங்கள். மரக்கதவுக்கு இடைவெளி அதிகம் தாங்கும் காந்தத் தொடர்பாக வாங்குங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பினால் சாதாரணத் தொடர்பு விலகி, மூடிய கதவையும் திறந்ததாகக் காட்டும்.

அட்டை செருகினால்தான் மின்சாரம் என்ற பழைய பெட்டியே ஆள் இருப்பதை அறியப் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. சாதாரணப் பெட்டியில் எந்த அட்டையைச் செருகிவிட்டுப் போனாலும் மின்சாரம் ஓடும், அதற்கு விசிட்டிங் கார்டும் அறைச்சாவிதான்!

கே: இணைய வேகத்தை 100-லிருந்து 500 எம்பிபிஎஸ் ஆக்கியும் அறைக்குள் வைஃபை இழுக்கிறது. ஏன்?

ப: குழாயைப் பெரிதாக்கினீர்கள், குழாய்முனை இன்னும் நடைபாதையில்தான் இருக்கிறது. நடைபாதைக் கூரையில் மாட்டிய கருவியின் சிக்னல் கனமான தீத்தடுப்புக் கதவையும் குளியலறைச் சுவரையும் அதன் கண்ணாடியையும் கடந்துதான் கட்டிலுக்கு வர வேண்டும். கதவருகே அளக்காதீர்கள், தலையணை இருக்கும் இடத்தில் போனை வைத்துச் சிக்னல் வலிமையை அளந்து பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும். மைனஸ் 75 என்றால் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். தீர்வு, கருவியை அறைக்குள் கொண்டுவருவது: சுவர் பெட்டியில் பொருந்தும் சிறியவை, அறைக்கு ஒன்றோ ஒன்றுவிட்டு ஒன்றோ. கேபிள் முனைக்கு முனை 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சேனல் வேண்டாம்.

இந்தக் கருவிகளுக்குக் கேபிள் வழியாகவே நெட்டும் மின்சாரமும் தரும் நெட்வொர்க் சுவிட்ச் வாங்கும்போது அது தரும் மொத்த மின்திறனைப் பாருங்கள். 24 போர்ட்டிலும் 15.4 வாட் தேவையென்றால் கிட்டத்தட்ட 370 வாட். பாதி மட்டுமே தரும் சுவிட்ச் பகலில் நன்றாக ஓடும். இரவு எல்லோரும் அறைக்கு வந்ததும் கடைசிப் போர்ட்டுகள் அணைந்து எரியும். சில அறைகளில் மட்டும், இரவில் மட்டும் புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

'கனெக்ட் ஆகிறது, நெட் வரவில்லை' என்றால், ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் ஒதுக்கும் எண்ணான ஐபி முகவரி தீர்ந்திருக்கலாம். சாதாரண அமைப்பில் 254-க்கு மேல் கிடையாது. ஒருவரே மூன்று கருவிகளோடு வருகிறார். முகவரியை ஒரு வாரத்துக்கு ஒதுக்கி வைத்தால், அறையைக் காலி செய்தவர்களே பாதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஒதுக்கும் நேரத்தைச் சில மணி நேரமாகக் குறையுங்கள், வரம்பைப் பெரிதாக்குங்கள். மாடிக்கொரு வைஃபை பெயரும் வேண்டாம். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு வேறு அடையாள எண்ணைக் காட்டுகின்றன. மாடி மாறினால் விடுதியின் லாகின் பக்கத்துக்கு விருந்தினர் புது ஆள், மறுபடி லாகின் கேட்கும்.

கே: அறை டிவியில் என் ஓடிடி கணக்கைத் திறந்து படம் பார்த்தேன். வெளியேற மறந்துவிட்டேன். ஆபத்தா?

ப: டிவியிலேயே கடவுச்சொல் அடித்திருந்தால், அறையைக் காலி செய்யும்போது விடுதி மென்பொருள் டிவியிலிருந்து உங்கள் கணக்கை அழிக்க வேண்டும். எல்லா விடுதியிலும் அது நடக்காது. போனில் உங்கள் கணக்குக்குப் போய் அந்தக் கருவியை நீக்குங்கள். அடுத்த முறை டிவி திரையின் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து போனிலிருந்து அனுப்பிப் பாருங்கள். போனில் வரும் டிவி பட்டியலில் பக்கத்து அறை டிவிகளும் தெரிந்தால் ரிசப்ஷனில் சொல்லிவிடுங்கள். உங்கள் டிவியும் அவர்களுக்குத் தெரிகிறது.

கே: ரோபோ வைத்தால் ஆள் செலவு குறையுமா?

ப: ஜப்பானில் 2015-ல் ரோபோக்களை வைத்தே தொடங்கிய ஹென்-நா ஓட்டல், 2019-க்குள் அவற்றில் பாதிக்கு மேல் ஓரங்கட்டியது. அறையில் இருந்த பொம்மை உதவியாளர், தங்கியவரின் குறட்டையைக் கேள்வி என்று எண்ணி, 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று எழுப்பிக்கொண்டே இருந்ததாம். துண்டு, தண்ணீர் பாட்டில் கொண்டுபோகும் வண்டி ரோபோ நன்றாகவே உழைக்கிறது. அதற்கு லிஃப்டோடு பேசத் தெரிய வேண்டும். லிஃப்ட் பழையதென்றால் அந்த இணைப்புக்கே நல்ல செலவாகும். வாசற்படித் திண்டு, தடித்த கம்பளம், தானாக மூடும் தீத்தடுப்புக் கதவு மூன்றும் அதற்கு எதிரிகள்.

கே: எங்கள் பெயரில் யாரோ விருந்தினர்களுக்கு 'கார்டு விவரம் தாருங்கள், இல்லாவிட்டால் முன்பதிவு ரத்து' என்று செய்தி அனுப்புகிறார்கள். பதிவு எண்ணும் தேதியும் சரியாக இருக்கின்றனவே, எப்படி?

ப: முன்பதிவுத் தளத்தில் உங்கள் கணக்குக்குள்ளேயே யாரோ புகுந்திருக்கிறார்கள். வழக்கமான பாதை இது: 'உங்கள் அறையில் பூச்சி கடித்தது, படம் இணைத்துள்ளேன்' என்று ஒரு மெயில், ரிசப்ஷனில் இருப்பவர் பதறிப்போய்த் திறக்கிறார், கடவுச்சொல் திருடுபோகிறது. முதலில் பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் எல்லா லாகினையும் வெளியேற்றுங்கள். பிறகு மெயிலைத் திறந்த கணினியை நெட்டிலிருந்து பிரித்து, முழுதும் அழித்து மென்பொருளை மறுபடி நிறுவுங்கள். ஆளுக்கொரு லாகின், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. வரவிருக்கும் விருந்தினர் எல்லோருக்கும் அன்றைக்கே தெரிவியுங்கள். பெயர் கெடும் என்று தள்ளிப்போட்டால் பணம் போனவர்கள் கூடிக்கொண்டே போவார்கள்.

கே: மின்கார் சார்ஜர் 6 வைக்க எவ்வளவு மின்சாரம் ஒதுக்க வேண்டும்?

ப: ஒன்று 7.4 கிலோவாட் என்றால் ஆறும் சேர்ந்து 44.4. அவ்வளவு தேவையில்லை. சுமையைப் பகிரும் வசதியுள்ள சார்ஜர்களுக்கு மொத்தம் 20 கிலோவாட் ஒதுக்குங்கள். இரவு 10 மணி நேரத்தில் 200 யூனிட், காருக்கு 33. யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நேர்மின் (டிசி) கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு சார்ஜரில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பி வகைக் கசிவுத் தடுப்பான் தேவை. மாறுமின் கசிவை மட்டும் பார்க்கும் சாதாரண 'ஏசி' வகைத் தடுப்பான் நேர்மின் கசிவில் மரத்துப்போகும்.

கே: குரலுக்குக் கட்டுப்படும் விளக்கு, திரைச்சீலை வைக்கலாமா?

ப: வைக்கலாம். மைக்கை அணைக்க விருந்தினர் கண்ணில் படும்படி நிஜப் பொத்தான் இருக்கட்டும். அதற்கு முன், கட்டில் தலைமாட்டில், இருட்டில் கை தடவினாலே அகப்படும் இடத்தில், எல்லா விளக்கையும் ஒரே தட்டில் அணைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.