வெள்ளைப் பணியாரம் ஏன் சிவந்தது?

கேள்வி: பிள்ளையார் நோன்புக்குச் சம்பந்தி வீட்டாரை அழைத்திருந்தோம். காரில் அவர்களைக் கூட்டிவர நான் போனேன். வர மூன்று மணி நேரம் தாமதமாகிவிட்டது. அதுவரை என் மனைவி மாவை ஆட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள், பாவம். கடைசியில் அவள் சுட்ட வெள்ளைப் பணியாரம் செக்கச் செவேல் என்று வந்தது. தட்டைப் பார்த்ததும், “ஆத்தங்குடியிலேர்ந்து தரைக்கல்லு வந்து இறங்கிருச்சு, வீட்டுல எந்தக் கட்டுல பதிக்கப் போறோம்?” என்று வேடிக்கைக்குச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. நாலு நாளாகப் பேச்சில்லை. குடும்பம் என்றால் குறை இருக்கத்தான் செய்யும், அதைச் சிரித்துக் கடப்பதுதானே அழகு? கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் இவளுக்கு நகைச்சுவை உணர்வே வரவில்லையே, என்ன செய்ய? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: அண்ணே, உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகவே படித்தோம். ‘எந்தக் கட்டுல பதிக்கப் போறோம்’ என்ற இடத்தில் எங்களுக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் எங்கள் பிழைதிருத்தும் ஆச்சி, தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “மூணு மணி நேரம் மாவு கெடந்தா பணியாரம் வேற எப்படி வருமாம்?” சிரிப்பு அதோடு நின்றது.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சாப்பிடுகிற பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவர்கள் நாம். ஒரு ஆழாக்குப் பச்சரிசி. அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் சரியாமல் எவ்வளவு நிற்குமோ, அவ்வளவுதான் பருப்பு. ஊறவைத்து, வெண்ணெய் போல ஆட்டி, உப்பு, துளி சீனி, கொஞ்சம் பால். ஆட்டிய கையோடு சட்டிக்குப் போய்விட வேண்டும். ஒரு கரண்டி மாவுக்கு ஒரு பணியாரம். அது அடியில் போய், உப்பி, மேலே வந்து முகம் காட்டியதும் ஒரு திருப்பு. நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மாவைக் காக்க வைத்தால் புளிக்கும், எண்ணெய் குடிக்கும், சிவக்கும். ஆக, அன்று அந்தப் பணியாரத்தைச் சிவக்க வைத்தது அடுப்பா, உங்கள் காரா? கடிதத்தில் விடையையும் நீங்களே எழுதிவிட்டு எங்களிடம் கேள்வி கேட்கிறீர்கள்.

அதில் ‘பாவம்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. எங்களுக்கு எழுதும்போது வந்த அந்தச் சொல், சம்பந்தி முன்னால் ஏன் வரவில்லை? “நான் வர லேட்டு, பணியாரம் கோவிச்சுக்கிட்டுச் செவந்திருச்சு” என்று சொல்லியிருந்தால் அதற்கும் எல்லாரும் சிரித்திருப்பார்கள். உங்கள் வீட்டு ஆச்சி, அதாவது உங்கள் மனைவிதான், முதலில் சிரித்திருப்பார்.

போகிற போக்கில் ஒன்று. அந்தக் கேலியில் சரக்குப் பிழையும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையைப் பார்ப்பதே இல்லை. கண்ணாடிப் பலகையில் சாயக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் காயவைத்து எடுப்பது. சுட்ட பணியாரத்தைச் சுடாத கல்லோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தத் தப்பு செய்யலாமா?

சரி, பணியாரத்தை விடுவோம். உங்கள் மனைவிக்குச் சிரிக்கத் தெரியாது என்று நாங்கள் நம்பவில்லை. இருபத்தாறு வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியிருக்கிறாரே. நீங்கள் எழுதாமல் விட்டது, இது எத்தனையாவது கேலி என்பது. கணக்கில் பேர்போன ஊர் நம்முடையது. ஒரு ஐந்தொகை, அதான் இருப்புக் கணக்கு, போட்டுப் பாருங்கள். இந்த ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டு முகப்பில் எல்லாரும் சேர்ந்து சிரித்ததில் அவர் சமையல் எத்தனை முறை, அவர் பிறந்த வீட்டுச் சீர் எத்தனை முறை, நீங்கள் வண்டிச் சாவியைத் தொலைத்தது எத்தனை முறை, உங்கள் ஆத்தா பேசியது எத்தனை முறை? கடைசி இரண்டும் சுழி என்றால், அவர் நாலு நாள் பேசாமல் இருப்பது சலுகை.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன், எனக்கும் இதில் பங்கு உண்டு.

அண்ணமிண்டி, அதாவது என் அண்ணன் மனைவி, எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது ஆடியில் கும்மாயம் கிண்டினார்கள். உளுந்தும் பயறும் வறுத்த மாவு, கருப்பட்டிப் பாகு, நெய். கை ஓயாமல் கிண்ட வேண்டும்; நெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை விடக்கூடாது. அன்று தண்ணீர் கூடிப்போய்விட்டது. கிண்ணத்தில் ஊற்றினால் ஓடியது. யாரோ ஒருவர் (நான்தான்) “டம்ளர் கொண்டாங்க” என்றேன். வளவே அதிர்ந்தது. அன்றிலிருந்து அண்ணமிண்டி கையில் கரண்டியைப் பார்த்தால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட டம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பதினெட்டு வருஷம். அவர்களும் கூடச் சிரிப்பார்கள். விருந்தாளிகளுக்கு அவர்களே அந்தக் கதையை எடுத்துச் சொன்னதும் உண்டு. ‘எவ்வளவு பெருந்தன்மை’ என்று நாங்கள் மெச்சிக்கொள்வோம்.

அவர்கள் மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, இரண்டாம் கட்டில் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தோம். சீர்ச் சாமான் பரப்புவது என்றால் ஒரு கரண்டி குறைந்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அடுக்கில் ஒரு டம்ளர் கையில் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, அன்னிக்கு எனக்கு 102 டிகிரி காய்ச்சல். நிக்கவே முடியல” என்றார்கள். “சொல்லவே இல்லியே அண்ணமிண்டி?” என்றேன். “யாரும் கேக்கலியே. நீங்கதான் டம்ளர் கேட்டீங்க.” கோபமே இல்லாமல் சொன்னார்கள். டம்ளரை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

மறுநாள் பந்தியில் ஒரு பங்காளி பழையபடி கும்மாயக் கதையை ஆரம்பித்தார். நான் சிரிக்கவில்லை. “என்னப்பா, இவனுக்கு நகைச்சுவை உணர்வே போயிருச்சு” என்றார். உங்கள் கடிதத்தில் அதே வரியைப் பார்த்ததும்தான் இத்தனையும் எழுத வந்தது.

சிரிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சிரிக்காமல் செட்டிநாட்டு வீட்டில் ஒரு நாள் ஓட்ட முடியாது. நீங்கள் சொல்கிற அதே பிள்ளையார் நோன்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தோரு நூலைத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் வைத்து, நெய் தொட்டு ஏற்றி, எரியும்போதே வாயில் போட வேண்டும். வீட்டுப் பெரியவர் அந்த இழையை எடுத்து நீட்டுகிறார், வரிசையில் நிற்கிறோம். பயந்துபோய் ஊதி அணைக்கிற பிள்ளை ஒன்று. மீசையைக் காப்பாற்றக் கழுத்தை நீட்டுகிற சித்தப்பா ஒருவர். நூல் பல்லில் மாட்டிக்கொண்டு பேச முடியாமல் கையைக் காட்டுகிற அத்தை. வீடே சிரிக்கும்; யார் முகமும் வாடாது. ஏனென்றால் இப்போது சிரிக்கிறவர் அடுத்த இழைக்கு நெருப்பைப் பார்த்து வாயைத் திறந்தாக வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் போனவர்களும் இதை விடாமல் செய்வது பக்தியால் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கல் வேடிக்கையில் இந்த வரிசை இல்லை. அவர் அடுப்படியில் வியர்த்து நின்றார், நீங்கள் கூடத்துப் பட்டாலையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னீர்கள். உங்கள் முறை வரவே இல்லை.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். கல்யாணமான மகனை ‘வேறு வைப்பது’ என்று வைத்தார்கள். இருப்பது ஒரே வீடு. ஆனால் வருஷத்துக்கு வேண்டிய அரிசி பருப்பை அளந்து கொடுத்து, தனி அடுப்பு. கோயிலிலும் அவர்கள் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. பத்துப் பேர் ஒரே சட்டியைக் குறை சொல்வதைவிட, அவரவர் குழம்பை அவரவர் குறை சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். எல்லாவற்றையும் சிரித்தே சமாளித்துவிடலாம் என்று அவர்கள் நம்பியிருந்தால் இரண்டாம் கட்டுக்கு அப்பால் அத்தனை அடுப்பு எதற்கு?

என்ன செய்ய என்று கேட்டீர்கள். மன்னிப்பு என்று போய் நிற்காதீர்கள். அதையும் நீங்கள் ஒரு வேடிக்கையாக்கிவிடுவீர்கள் என்று பயமாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே சம்பந்தி வீட்டாரைத் திரும்ப அழையுங்கள். காரில் மகனை அனுப்புங்கள். அரிசி, உளுந்து அளவுதான் மேலே சொல்லியிருக்கிறேனே. ஊறவைப்பது, ஆட்டுவது, சுடுவது எல்லாம் நீங்கள். ஆச்சி பட்டாலையில் உட்காரட்டும், முதல் பணியாரம் அவர் தட்டுக்குப் போகட்டும். அவர் என்ன சொல்கிறாரோ அதை ஒரு வரி மாற்றாமல் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம். பணியாரத்தின் படமும் வேண்டும். கலரில்.