விற்பனைக்கு இல்லாத வீட்டின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதி வாங்க முடியுமா?

கேள்வியில் இருப்பது இதுதான்: சென்னையில் நீங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு தனி வீடு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. போர்டு எதுவும் இல்லை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று பேச்சு. அவருக்கு நேராகக் கடிதம் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். எழுதுவது எளிது, யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிப்பதில்தான் நாள் போகும். காவலாளியிடமோ இஸ்திரிக்காரரிடமோ விசாரித்தால் சாயங்காலத்துக்குள் நாலு புரோக்கர் காதுக்குப் போய்விடும். அதனால் காகிதத்தில் தொடங்குங்கள்.

அந்த வீட்டை ஒட்டிய வீட்டுக்காரரின் பத்திரத்தைப் பார்க்க முடிந்தால் நல்லது. சொத்து விவரத்துக்குக் கீழே நான்கெல்லை எழுதியிருப்பார்கள்: 'கிழக்கே இன்னாருடைய வீடும் மனையும்'. நீங்கள் தேடும் பெயர் பல நேரம் அங்கேயே இருக்கும். அதே பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணை வைத்துப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள்; அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் வரும். திரையில் பார்க்கக் கட்டணம் கிடையாது. பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-இலிருந்து பதிவுகள் இருக்கின்றன. கதவு எண்ணை மட்டும் நம்பித் தேடாதீர்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. பத்திரத்தில் எது ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. சரியான மனைதானா என்பதை நான்கெல்லையையும் பரப்பளவையும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

அதே தளத்தில் வழிகாட்டி மதிப்பையும், அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலையையும், பார்த்துவிடுங்கள். அந்த சர்வே எண்ணுக்கு மதிப்பு பூஜ்யம் என்று வந்தால் கோயில் நிலமாகவோ அரசு நிலமாகவோ இருந்து பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் பத்திரப் பதிவு முடக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் இதைப் பார்க்காமல் ஆசைப்படவே கூடாது. அங்கே கட்டடம் மட்டும் ஒருவருடையது, மனை கோயிலுடையது என்று இருக்கும் வீடுகள் உண்டு.

வில்லங்கச் சான்றுக்கு ஒரு குறை உண்டு. யார் இறந்தார் என்பது அதற்குத் தெரியாது. 1988-இல் வாங்கியவர் பெயரோடு பதிவு நின்றிருந்தால், அவரே இருக்கலாம். அல்லது அவர் காலமாகி மூன்று பிள்ளைகள் பாகம் பிரிக்காமல் விட்டிருக்கலாம். வீடு பூட்டிக் கிடப்பதற்குக் காரணமே பெரும்பாலும் இதுதான். அதனால் கடிதத்தின் விலாசத்தில் 'திரு. இன்னார் அல்லது குடும்பத்தினர்' என்று எழுதுங்கள்.

இப்போது கடிதம். ஒரே பக்கம், முடிந்தால் கையெழுத்தில். ஏறக்குறைய இப்படி:

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இதே தெருவில் 14-ஆம் எண் வீட்டில் பதினோரு வருடங்களாகக் குடியிருக்கிறேன், பள்ளி ஆசிரியர். தங்கள் வீட்டை விற்கும் எண்ணம் எப்போதாவது வந்தால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் குடியிருக்கத்தான் கேட்கிறோம். இடையில் தரகர் யாரும் இல்லை. அப்படி எண்ணம் இல்லையென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். போன மழையில் வேப்பங்கிளை ஒன்று முறிந்து உங்கள் மொட்டைமாடியில் கிடக்கிறது. தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, தகவலுக்காகச் சொல்கிறேன்.'

கீழே பெயர், விலாசம், வாட்ஸ்அப் எண். பதில் வாங்கித் தருவது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு வரிதான். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பவருக்கு மொட்டைமாடியில் தண்ணீர் நிற்கிறது என்பது பெரிய செய்தி. உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

விலை எழுதாதீர்கள். குறைவாக எழுதினால் கோபம் வரும். கூட எழுதினால் பேரம் அங்கேயிருந்துதான் தொடங்கும். 'வீடு பாழடைந்து கிடக்கிறதே' என்று ஆரம்பிக்காதீர்கள், அது அவர்கள் அப்பா கட்டிய வீடு. இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் 'அப்படியே பாதுகாப்போம்' என்று பொய் சொல்ல வேண்டாம். முக்கியமாக, வில்லங்கம் பார்த்ததையோ சர்வே எண்ணையோ கடிதத்தில் காட்டவே கூடாது. பூட்டிய வீட்டுக்குப் போலிப் பத்திரம் போட்டு விற்கும் ஆட்கள் இருக்கிற ஊரில், தன் சர்வே எண்ணை முன்பின் தெரியாதவர் எழுதியிருந்தால் உரிமையாளர் நேரே வக்கீலிடம்தான் போவார்.

அனுப்பும் விதத்திலும் இதே பயம் உண்டு. ஒப்புகை அட்டையோடு தபால் வந்தாலே நம் ஊரில் வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைப்பார்கள்; சிலர் வாங்காமலே திருப்புவார்கள். முதல் கடிதம் சாதாரணத் தபாலில் போகட்டும், உறையின் பின்னால் உங்கள் முழு விலாசம் இருக்கட்டும். பூட்டிய வீட்டுக்கு அனுப்பினால் 'டோர் லாக்டு' என்று திரும்பிவிடும். அந்த வீட்டுப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டால் முதல் பக்கத்தில் வாங்கியவரின் அன்றைய விலாசம் கிடைக்கும். அங்கே ஒன்று அனுப்புங்கள். எதிர்வீட்டுப் பெரியவர் யாராவது அந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருந்தால் அவர் கையில் ஒன்று கொடுங்கள். இந்த வழிதான் அதிகம் பலிக்கும்.

மார்கழியில் போய்ச் சேருகிற மாதிரி அனுப்புவது நல்லது. வெளிநாட்டுக்காரர்கள் டிசம்பரில் ஊருக்கு வருவார்கள்; பேச்சு தையில் நகரும். பதில் இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு கடிதம். அதற்கு மேல் எழுதினால் தொந்தரவு.

பதில் வந்த பிறகு அவசரம்தான் கெடுக்கும். ஒரு மகன் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். இறப்புச் சான்று, வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்று இரண்டையும் பாருங்கள். அதில் பெயர் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். உயில் இருந்தால் வக்கீல் பார்க்காமல் அடி எடுத்து வைக்காதீர்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாறக் கூடாது. கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் கையெழுத்துப் போட இங்கே ஒருவருக்கு அனுப்பும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.

உங்கள் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து அவருடைய வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் விலைக்கு 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த 50 லட்ச வரம்பே கிடையாது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜ், செஸ்ஸும் பிடிக்க வேண்டும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை அவர் வருமான வரித்துறையில் வாங்கித் தராதவரை வழக்கமாக முழு விலைக்கும் பிடிப்பார்கள். பிடிக்காமல் விட்டால் அந்தப் பணத்தைத் துறை உங்களிடம்தான் கேட்கும்.