மகளுக்கு எந்தப் பிரிவு? ஏஐ பயத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் குரல் பதிவைப் பொறுமையாகக் கேட்டேன். மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ, விஞ்ஞானத்துக்கு பி எடுத்திருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய வீட்டில் பெறுபேறு வந்த நாளிலிருந்து சண்டைதான் நடக்கிறது. கம்பியூட்டர் படித்தாலும் இனி வேலை கிடையாது, எல்லாவற்றையும் ஏஐ செய்துவிடும் என்கிறார் மாமா. டியூஷன் சேர் உயர்தரத்துக்கு உயிரியல் பிரிவை எடுக்கச் சொல்கிறார். கொழும்பில் கடையில் நிற்கும் அவளுடைய அப்பா, எதைப் படித்தாலும் சீக்கிரம் சம்பளம் வர வேண்டும் என்கிறார். பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் போனோடு படுத்திருக்கிறாள். கடைசியில் நீங்கள் என்னிடம், "ஏஐ வந்தாலும் அழியாத வேலை எதுன்னு சொல்லுங்க, அதையே படிக்க வைக்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு வேலையை உறுதியாகக் காட்ட யாராலும் முடியாது, அக்கா. முடியும் என்று சொல்லி வகுப்பு நடத்துகிறவர்களிடம் காசு கட்டிவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் தெரியுமா? இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் ஜெஃப்ரி ஹின்டன். 2024இல் பௌதீகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் கதிரியக்க வைத்தியர்களை இனிப் பயிற்றுவிக்கவே தேவையில்லை, ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்று 2016இல் அவர் மேடையில் சொன்னார். அந்த ஐந்து வருடமும் முடிந்து இன்னும் பல வருடம் போய்விட்டது. படம் பார்க்க உதவும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனாலும் பல நாடுகளில் அந்த வைத்தியர்களுக்கு இன்னும் தட்டுப்பாடுதான். படத்தைப் பார்ப்பது அவர்களுடைய வேலையில் ஒரு பகுதி மட்டுமே. நோயாளியின் பழைய கதையைக் கேட்பது, மற்ற வைத்தியர்களோடு பேசி முடிவெடுப்பது, அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பது எல்லாம் மனிதர் கையில்தான் இருக்கிறது. 2025இல் ஒரு பேட்டியில் அதே ஹின்டன், குழாய் வேலை கற்றுக்கொள்வது நல்லது என்றார்.

அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த இயந்திரத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்தவருக்கே எந்த வேலை எப்போது போகும் என்று கணிக்க முடியவில்லை. அப்புறம் மாமாவும் நானும் எப்படிச் சொல்வது? உங்கள் மகள் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் போய், பட்டம் முடித்து வெளியே வரக் குறைந்தது ஆறேழு வருடம் ஆகும். சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில்தான். அதற்குள் எவ்வளவு மாறிவிட்டது என்று பாருங்கள்.

இயந்திரம் வந்து வேலையை மாற்றுவது நம் தேயிலை மலைக்குப் புதிதும் இல்லை. முன்பெல்லாம் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்குவார்கள். இப்போது கலர் சோர்ட்டர் என்கிற மெஷின் நிறத்தைப் பார்த்துக் குச்சியையும் நாரையும் காற்றால் ஊதித் தள்ளிவிடுகிறது. அந்த வேலை போய்விட்டது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மெஷினைச் சீர்செய்யத் தெரிந்த பையனை எல்லா ஸ்டோரும் தேடுகிறது. கொழுந்து வாடிய பதம் சரியா என்று, தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் இன்னும் அதைக் கையில் அள்ளிப் பிசைந்துதான் பார்க்கிறார். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் தொடங்கியது. கொழுந்து எடுக்கிற கைகள் நம்முடையவை. அந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இது உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது, சரி, திரும்பி வருகிறேன்.

எந்த வேலை தப்பும் என்று தெரியாதபோது எதை வைத்து முடிவு செய்வது? அவளுடைய சாதாரண நாளை வைத்துத்தான். நியமனக் கடிதம் வருகிற நாள் ஒரு நாள், பட்டமளிப்பு ஒரு நாள். மற்ற ஆயிரக்கணக்கான நாட்களும் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மாதிரித்தான் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமையில் காலை எட்டு மணிக்கு எந்த வேலையைத் தொட்டால் அவளுக்கு அலுக்காது?

அதற்கான பதில் உங்கள் குரல் பதிவிலேயே இருந்தது. நீங்கள் அதைக் குறையாகச் சொன்னீர்கள். "அவ படிப்ப விட்டுட்டு இஸ்தோப்புல உக்காந்து லயத்துப் புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கா. அப்ப மட்டுந்தான் சிரிக்கிறா." அக்கா, தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசல் திண்ணையில் அவள் எடுக்கிற இந்த வகுப்புதான் நீங்கள் சொன்னதிலேயே பெறுமதியான செய்தி. நேற்று அவளோடு போனில் பேசும்போது இதைப் பற்றிக் கேட்டேன். அதுவரை ம், ம் என்று மட்டும் சொன்ன பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினானாம். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். அவள் உடனே பிழை என்று சொல்லவில்லை. கொப்பித் தாளைக் கிழித்து மடிக்கச் சொல்லி, "அரைவாசியோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்க, ஆனா ஒன் விடை அரைவாசிய விடக் கொறஞ்சு போச்சே, எப்படி?" என்று கேட்டிருக்கிறாள். பையன் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கூட்டினதே பிழையா அக்கா?" என்றானாம். இதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது.

அதே கணக்கை ஏஐயிடம் கொடுத்தால் ஒரு நொடியில் ஆறில் ஐந்து என்று சொல்லும், விளக்கமும் எழுதும். பிழை எங்கே நடந்தது என்றுகூடச் சொல்லும். ஆனால் அந்தப் பையன் புரியாமலே தலையாட்டுகிறானா, காலையில் சாப்பிடாமல் வந்ததால் கவனம் இல்லையா என்று பக்கத்தில் இருப்பவளுக்குத்தான் தெரியும். நாளை இயந்திரம் இதையும் செய்யலாம், எனக்குத் தெரியாது. செய்தாலும் இந்த வேலையில் உங்கள் மகளுக்குக் கிடைக்கிற சந்தோஷம் குறையப் போவதில்லை.

ஆகவே என் யோசனை இது. அவள் கணிதப் பிரிவை எடுக்கட்டும். நம் பகுதியில் எல்லாப் பாடசாலையிலும் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இல்லை. தமிழ் மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆசிரியர் போதாமல் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகம் கிடைத்தால் போகட்டும், பொறியியலோ கம்பியூட்டரோ அங்கே போன பிறகு பிடித்தாலும் சந்தோஷம். கிடைக்காவிட்டால் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி கொட்டகலை பத்தனையில் இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சி, கடைசி வருடம் பாடசாலையிலேயே பயிலுனராக இருப்பார்கள். பயிற்சிக் காலத்தில் சிறு கொடுப்பனவும் உண்டு. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. வெயிலிலும் மழையிலும் கடை வாசலில் நிற்கிற மனிதர், தன் பிள்ளை அப்படி நிற்கக் கூடாது என்றுதான் அவசரப்படுகிறார்.

டியூஷன் சேர் சொல்கிற உயிரியலும் நல்ல பிரிவுதான். தமிழில் பேசும் தாதியரும் வைத்தியரும் நம் வைத்தியசாலைகளுக்கு மிகவும் தேவை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது, ஆனாலும் கிளினிக்கில் தன் நோவைச் சொல்லத் தெரியாமல் நிற்கும் பாட்டிமாரை இன்றும் பார்க்கிறோம். ஆனால் உங்கள் மகளிடம் உயிரியல் பற்றிக் கேட்டபோது அவள் பேசவில்லை. கணக்கைப் பற்றிக் கேட்டபோது பேசினாள். நான் அதைத்தான் நம்புகிறேன்.

இன்னொன்று, எந்தப் பிரிவு எடுத்தாலும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் விடக் கூடாது. மொழிபெயர்க்க ஏஐ இருக்கிறதே என்று அவள் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்ப அது உதவும். ஆனால் உடன் வேலை செய்கிறவர்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு சிரித்துப் பேசப் போனை நீட்ட முடியாது. அந்தச் சிரிப்பில்தான் பாதி உத்தியோகம் நடக்கிறது.

ஏஐயைத் தொடாதே என்று அவளிடம் சொல்ல வேண்டாம். எப்படித் தொடுவது என்பதுதான் முக்கியம். இவை கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுபவை. அந்தப் பக்கங்களில் ஆங்கிலமே மிக அதிகம். தமிழ் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்திலும் மலையகம் மிகச் சொற்பம். நான் ஒரு தடவை தமிழில், வைத்தியர் ஆக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். பிளஸ் டூ முடித்து நீட் பரீட்சை எழுதச் சொன்னது! அது இந்தியப் பிள்ளைகளுக்கான வழி. நம் பிள்ளைக்கு வேண்டியது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளியும் மாவட்டக் கணக்கும். இங்கே பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமையில் போகும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையில், மீதி 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் சேர்ந்தவை. கொழும்புப் பிள்ளைக்குப் போதாத புள்ளி உங்கள் மகளுக்குப் போதுமானதாக இருக்கலாம். இதையெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில்தான் பார்க்க வேண்டும், அது தமிழிலும் வருகிறது.

கணக்கை முதலில் அவளே போட்டுப் பார்க்கட்டும். சிக்கினால், விடையைச் சொல்லாமல் அடுத்த படியை மட்டும் காட்டு என்று ஏஐயிடம் கேட்கட்டும். கட்டுரையை அவளே எழுதிய பிறகு பிழை பார்க்கக் கொடுக்கட்டும். இலவசமாகக் கிடைப்பதே இதற்குப் போதும். மூன்று மாதத்தில் ஏஐ நிபுணர் ஆக்குகிறோம் என்று சான்றிதழ் விற்கும் இடங்களுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்.

இனிக் கொஞ்சம் கடினமான விஷயம். ஏஐ நாளை வந்து மகளின் வேலையைப் பிடுங்கும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அவளுடைய பின்னேரத்தை அது இப்போதே எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தச் சின்னச் சின்ன வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்து தருவதும் இந்த வகை இயந்திரம்தான். எதில் கண் நிற்கிறது, எதைத் தள்ளுகிறாள் என்று பார்த்து அதற்கேற்ப அடுத்ததைப் போடும். அதில் வருகிற பிள்ளைகள் எல்லாம் அழகாக, வசதியாக, வெளிநாட்டில் இருக்கிறார்கள். பார்த்துவிட்டு நிமிர்ந்தால் லயத்துச் சுவர் தெரிகிறது. சாப்பாடு எப்படி இறங்கும்? போனைப் பறித்தால் சண்டைதான் வரும். இஸ்தோப்பு வகுப்பை நேரம் போட்டு நடத்த விடுங்கள், ஒரு பழைய பலகையைக் கரும்பலகை ஆக்கிக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் போன் தானாகவே ஒதுங்கும்.

இரவில் அவள் சாட்ஜிபிடியோடு மனம் விட்டுப் பேசுவதாகவும் சொன்னீர்கள். அதற்காகத் திட்ட வேண்டாம். யாரிடமும் சொல்ல முடியாததை அங்கே சொல்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அது பெரும்பாலும் நாம் சொல்வதை ஆமோதித்தே பேசும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தராது. வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரி ஏதாவது அவள் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் எனக்கு எடுங்கள், அல்லது தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்னும் நடக்கிறது. வசதியான மாணவர்களையும், பாஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பையன்களையும் வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஏழை வீடுகள் பலவற்றில் அப்போது சூடும் குளிருமாகக் குழாயில் தண்ணீர் வரும் வசதிகூட இல்லை, நம் லயங்களைப் போலத்தான். கடைசிவரை சந்தோஷமாகவும் சுகமாகவும் இருந்தவர்களிடம் அதிகம் காணப்பட்டது பணமோ பெயரோ அல்ல, நெருக்கமான உறவுகள். இதைப் படித்தபோது எனக்கு உங்கள் இஸ்தோப்புதான் நினைவுக்கு வந்தது.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், அக்கா. "இவ படிச்சு ஆளானாத்தான் எனக்கு இனிச் சந்தோஷம்" என்று சொன்னீர்கள். அதன் பின்னால் இருக்கிற பாடு எனக்குத் தெரியும். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். உங்களுக்குக் கிடைக்காத படிப்பு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கிற பிள்ளை, அம்மாவின் சந்தோஷம் முழுவதும் தன் பரீட்சையில் தொங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறாள். பதினாறு வயதுத் தோளுக்கு அது பெரிய பாரம். மலையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு அவள் ஊற்றித் தரும் தேத்தண்ணியைக் குடிக்கும்போது, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் காமன் கூத்துக்கும் அவளை வீட்டில் பூட்டிப் படிக்க வைக்காதீர்கள். அந்த நாட்களால் எந்த இசட் புள்ளியும் குறையாது.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு ஹட்டனுக்கு வரும்போது அவளுடைய பெறுபேற்றுத் தாளையும், தரம் 10, 11 கணிதக் கொப்பிகளையும் கொண்டு வாருங்கள். உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள பாடசாலைகளுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று பார்த்து வைத்திருக்கிறேன், அங்கேயே படிவத்தை நிரப்பிவிடலாம். அவளுடைய அப்பா கடையில் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தைக் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் அவரையும் போனில் எடுத்து நால்வருமாகப் பேசுவோம்.