விஷயம் ஊருக்குப் போகாமல் குடியை விட முடியுமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "துவாஸில் வேலை, தங்குவிடுதியில் இருக்கிறேன். இங்கே சரக்கு விலை அதிகம், சட்டமும் கடுமை, தானாக நின்றுவிடும் என்று நினைத்து வந்தேன். நிற்கவில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடும் குழு இருக்கிறதாமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமா அண்ணே?"

நான் காரைக்குடி. இங்கே வந்து குடும்பத்தோடு தங்கிப் பல வருடமாகிறது. அந்தக் குழுவுக்குப் போகிறவன்தான், அதனால் பெயரைப் போடவில்லை.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்புவது அந்தப் பயம்தான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கி இருந்த காலத்திலேயே இங்கே ஒருவர் தும்மினால் அடுத்த கப்பலில் ஊருக்குச் செய்தி போய்விடும் என்பார்கள். இப்போது கப்பலும் வேண்டாம், வாட்ஸ்அப் போதும். ஆனால் நீங்கள் கேட்ட அந்தக் குழு, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியதிலிருந்தே பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறது. வருகைப் பதிவேடு கிடையாது. பாஸ்போர்ட், கம்பெனி பெயர் எதையும் கேட்பதில்லை. முதற்பெயரை மட்டும் சொன்னால் போதும். சரி, அங்கே ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால்? அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்!

ஆனாலும் என் யோசனை, முதல் சில வாரம் தெரிந்த முகம் இல்லாத கூட்டமாகப் பார்த்துப் போங்கள். இங்கே பெரும்பாலான கூட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். உங்களுக்கு ஆங்கிலம் அரைகுறை என்றாலும் பரவாயில்லை. "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம், யாரும் பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். சிங்கப்பூர் ஏ.ஏ.வின் இணையதளத்தில் இடமும் நேரமும் இருக்கும். அதில் 'ஓப்பன்' என்று போட்டிருந்தால் யாரும் வரலாம், 'குளோஸ்ட்' என்றால் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். நீங்கள் இரண்டுக்கும் போகலாம். கட்டணம் கிடையாது, உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், போட்டால் போடலாம். தமிழில் பேசினால்தான் மனசு ஆறும் என்றால், தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையவழியில் நடத்தும் கூட்டங்களில் சேருங்கள். இங்கே நேரம் ஊரைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. முகவரியில் சர்ச் என்று இருந்தால் பதறாதீர்கள். வாடகை குறைவு என்பதால் பல ஊர்களிலும் அப்படி இடம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். குடியை விட ஏ.ஏ. சொல்லித்தரும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வரும், ஆனால் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்றுதான் வரும். எனக்கு அது குன்றக்குடி முருகன். பக்கத்தில் உட்காரும் சீனருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. அவரும் வருகிறார், நானும் போகிறேன்.

இப்போது மற்றதைவிட முக்கியமான விஷயம். தினமும் நிறையக் குடிக்கிறவராக இருந்தால், கூட்டத்துக்குப் போன உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு மறுநாளே நிறுத்தி, கை நடுங்கி, வலிப்பு வந்து விழுந்த ஆட்கள் நம் பக்கம் உண்டு. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டரைப் பாருங்கள். இங்கே மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் வெளிநாட்டவருக்கு அரசு மானியம் இல்லை, செலவு கூடும், பதிவும் இருக்கும். அதற்கு முன் ஹெல்த்சர்வ் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான தொண்டு நிறுவனம், மருத்துவமும் மனநல ஆலோசனையும் தருகிறார்கள்.

சட்டத்தை நம்பி வந்தேன் என்கிறீர்கள். 2015 முதல் இரவு 10.30-க்கு மேல் காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கத் தடை இருப்பது உண்மைதான். அது தெருவைத்தான் சுத்தமாக்கும், ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்துத் தனிமையை ஒன்றும் செய்யாது. அந்த நேரத்தில் லிட்டில் இந்தியா, தேக்கா பக்கம் கூப்பிடும் கூட்டாளிகளுக்குப் பதிலாக ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தோன்றும்போது போன் செய்ய, விட்டுப் பல காலமான ஒருவரை அங்கேயே துணைக்குக் கேளுங்கள். 'ஸ்பான்சர்' என்பார்கள், விசா ஸ்பான்சர் இல்லை!

லீவில் ஊருக்குப் போவதுதான் பெரிய சோதனை. பொங்கலுக்குச் சிராவயல் மஞ்சுவிரட்டு, கல்யாண வீட்டுக்கு முந்தின ராத்திரி என்று எங்கே போனாலும் "சிங்கப்பூர்ச் சரக்கு எங்கடா மாப்ளே" என்றுதான் கேட்பார்கள். டிக்கெட் போடும்போதே மதுரை, திருச்சியில் கூட்டம் எங்கே என்று விசாரித்து வையுங்கள். பெட்டியில் பாட்டில் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள். குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற குழு 1951 முதல் இருக்கிறது. அப்புறம், தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று பொடியும் மாத்திரையும் விற்பார்கள். சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே போய்விடலாம். டாக்டர் சொல்லி, உங்களுக்கும் தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. ரகசியமாக வாங்க வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள் தம்பி.