இன்று தாரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் மஸ்கட்டில். எங்கள் 180 ரப்பர் மரத்திலும் நான்தான் பால் வெட்டுகிறேன். மூன்று மணிக்கு எழுந்தால் வெட்டு முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பால் எடுத்து உறைய வைக்கும்போது மதியமாகிவிடும். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு மூத்த சகோதரர், தினமும் முதல் ஒரு மணி நேரத்தைக் கர்த்தருக்குக் கொடுக்காதவர்களின் பக்தி வெறும் வேஷம் என்று சொன்னார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. இரவில் முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்க வரும் அக்காவுக்கே மூன்று வாரக் கூலி பாக்கி, ரப்பர் விலை கிடக்கிற கிடப்பில் மாதக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அப்படி ஓடுகிறது வாழ்க்கை. இதற்குள் தேவபக்தியாக வாழ்வது எப்படி? சபையில் ஆராதனை மலையாளத்தில், வீட்டில் வேதம் தமிழில். எதில் ஜெபித்தால் மனம் ஒன்றும்? உபவாசமும் இருந்து பார்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் தூங்குங்கள். மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மழை ஈரத்தில் மரம் மரமாக நடக்கிற உடம்பு இரவு ஒன்பது மணிக்கு முழங்காலில் சரிந்தால் அது பாவமில்லை. நூற்று இருபத்தேழாம் சங்கீதத்தில், அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறவர்களைப் பற்றிச் சொன்ன அதே வசனத்தில்தான் 'அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்' என்றும் இருக்கிறது. பாயில் படுத்துக்கொண்டே ஜெபியுங்கள். பாதியில் தூங்கிப்போனால் மீதியை அவர் கேட்டுக்கொள்வார். அந்த மூத்த சகோதரர் ஒரு வாரம் உங்களோடு தோட்டத்துக்கு வரட்டும், கத்தி தடியில் பட்டு மரம் காயப்படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுக்க எவ்வளவு கவனம் வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அதற்கப்புறம் எது வேஷம் என்று பேசட்டும்.

மலையாளமா தமிழா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தக் கேரளப் பக்கம் நின்றது. அந்தக் கோடு மனிதர்கள் போட்டது. அழுகை எந்த மொழியில் வருகிறதோ அதில் ஜெபியுங்கள். உபவாசம் வேண்டாம், காலையில் ஒழுங்காகக் கஞ்சி குடியுங்கள்.

ஆனால் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக இல்லை. நீங்கள் கேள்வியாகவே கேட்காமல், நெருக்கடிக்கு உதாரணமாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, ஷீட் அடிக்க வருகிற அக்காவுக்கு மூன்று வாரக் கூலி பாக்கி என்று, அதில் வந்து நின்றுவிட்டேன்.

போன வாரம்தான் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எங்களைப் பெற்ற அம்மை இறந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம் ஆகிறது, அவளுடைய பாட்டுப் புத்தகத்தைத் தேடித்தான் திறந்தது. அடியில் அப்பாவின் கணக்கு நோட்டு கிடந்தது. பளுகல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மரச்சீனியும் (மரவள்ளி) தென்னையும் உண்டு. வேலைக்கு வந்தவர்களின் கூலி எல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருக்கிறது. முதல் பாதி முழுக்க 'பாக்கி', 'பாக்கி', 'சனிக்கிழமை சேர்த்து' என்று வருகிறது. ஒரு குறிப்பிட்ட பக்கத்துக்குப் பிறகு அந்தச் சொல்லே இல்லை. ஒவ்வொரு நாள் கணக்கின் ஓரத்திலும் 'கொடுத்தாச்சு' என்று இருக்கிறது.

அந்தப் பக்கம் எழுதப்பட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். இடவப்பாதி மழை, தென்மேற்குப் பருவமழைக் காலம். சந்தியாகால ஜெபத்துக்குப் பாய் விரித்து, மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி நாங்கள் நாலு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறோம். அப்பா வேதத்தை விரித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்றால் அவருக்கு முக்கால் மணி நேரம், சபையிலேயே அவருடைய ஜெபத்துக்குப் பேர் உண்டு. அம்மை அடுக்களை வாசலில் நின்றபடி கேட்டாள், "மண்ணு கிளைக்க வந்த ஆளுக்குக் கூலி குடுத்தாச்சா?" அப்பா, சனிக்கிழமை கொடுக்கலாம் என்றார். எத்தனை நாள் கூலி என்று கேட்டாள். மூன்று நாள். அம்மை வந்து குனிந்து விளக்குத் திரியைத் தாழ்த்தினாள். "அவன் வீட்டில இண்ணைக்கு அடுப்பு எரியல்ல. நான் வேலிப்பக்கம் நிண்ணு பாத்தேன். நீங்க போய்க் குடுத்திட்டு வாருங்க, நாங்க இருக்கோம்."

அப்பா கோபக்காரர். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வேதத்தை மூடினார், பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்துக்கொண்டு குடை இல்லாமல் இறங்கிப் போனார். நாங்கள் பசியோடு காத்திருந்தோம், அம்மை ஒருத்தருக்கும் சோறு போடவில்லை. ஓடையைக் கடந்து போய்த் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முழங்கால் வரை சேறு. காலைக்கூடக் கழுவாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு நீண்ட ஜெபம் இல்லை. பரமண்டல ஜெபம் மட்டும் தொடங்கினார். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று' என்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அம்மைதான் அதற்குமேல் சொல்லி முடித்தாள்.

சகோதரி, அந்த ஜெபத்தில் 'இன்று' என்று இருக்கிறது. நீங்கள் தினமும் சொல்கிறீர்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். மாதக் கடைசியில் தாரும் என்று ஒருவரும் ஜெபிப்பதில்லை. அந்த அக்காவும் சபைக்குப் போகிறவர் என்றால் அவரும் காலையில் அதையேதான் சொல்லிவிட்டு உங்கள் ரோலரைச் சுற்ற வருகிறார். அவருடைய ஜெபத்துக்குப் பதில் உங்கள் பீரோவில் மடித்து வைத்திருக்கிறது. லேவியராகமத்தில் சுற்றி வளைக்காமல் சொல்லியிருக்கிறது: 'கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.' ஒரு இரவுகூடக் கூடாது என்கிறார். நீங்கள் இருபத்தொரு இரவு வைத்திருக்கிறீர்கள்.

விலை இல்லை என்கிறீர்கள், நெருக்கடி என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்த நெருக்கடியை உங்களைவிட எளியவளின் தலையில் இறக்கி வைத்துவிட்டீர்கள். மூன்று வாரமாக அவள்தான் உங்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வட்டியில்லாமல், கேட்க வாய் வராமல். அவளுக்கு மஸ்கட்டில் ஆள் இருக்கிறதா?

நம்முடைய ஊரில் இதை நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். ஊழியம் என்று இன்று நாம் எவ்வளவு பக்தியாகச் சொல்கிறோம், ஊழியத்துக்குப் போகிறேன், ஊழியக்காரர் வந்திருக்கிறார் என்று. பழைய திருவிதாங்கூரில் அந்தச் சொல்லுக்குக் கூலியில்லாத கட்டாய வேலை என்று பொருள். அரசுக்கும் கோவிலுக்கும் நம் முன்னோர்கள் சுமந்தார்கள், வெட்டினார்கள், ஒரு காசு கிடையாது. மிஷனரிகள் நம் ஆட்களுக்காகக் கேட்டு வாங்கிய சலுகைகளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஊழியத்திலிருந்து விலக்கு. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் அடிமைப் பிள்ளைகளும் இருந்தார்கள், திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து ஆணை வந்ததே 1855-ல்தான். அந்தப் பிள்ளைகளில் சிலர் லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். பிரசங்கத்தில் மீட்பு என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு நூல் கண்டோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். கூலி கைக்கு வந்ததால் நிமிர்ந்த சனம் நாம். அந்தச் சனத்தில் பிறந்த நீங்கள் இன்னொருத்தியைக் கூலியில்லாமல் ரோலர் சுற்ற வைத்துவிட்டு, தேவபக்தியாக வாழ்வது எப்படி என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். நீங்கள் கெட்டவர் இல்லை என்று தெரியும். கெட்டவர் அந்த வரியைக் கடிதத்தில் எழுதியிருக்கவே மாட்டார், உங்கள் மனசாட்சி அதை உள்ளே நுழைத்திருக்கிறது. மனசு சரியில்லை என்று சொன்னீர்களே, அது விட்டுப்போன அந்த ஒரு மணி நேரத்தால்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படிக்கிற இன்றைக்கே செய்யுங்கள். கையில் இருக்கும் ஷீட்டை விலை பார்க்காமல் கடையில் போடுங்கள், மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுபாலும் சேர்த்துப் போடுங்கள். போதவில்லை என்றால் உங்கள் கணவரிடம் போனில் சொல்லுங்கள், இன்ன காரியத்துக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்த அக்காவை வரச்சொல்லிக் கொடுக்காதீர்கள், நீங்களே அவர் வீட்டுக்கு நடந்து போய்க் கையில் கொடுங்கள், தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். முடிந்தால் மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பி வந்து நேரே படுத்துத் தூங்குங்கள். ஒரு மணி நேர ஜெபத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை. கூலி கொடுத்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள், அப்போது அதைப் பேசுவோம். மாமியாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு என் அன்பு.