நாட்டுக்கு மனசு உண்டா? கேள்வி பதில்

சார், 'தேசிய குணம்', 'மக்களின் மனம்' என்ற பேச்சையெல்லாம் யார் ஆரம்பித்தது?

பக்கத்து ஊர்க்காரனைப் பற்றிக் கதை கட்டுவது பழைய பழக்கம். அதை ஒரு துறையாக்கியவர்கள் ஜெர்மனியின் மோரிட்ஸ் லாட்சரஸும் அவருடைய மைத்துனர் ஸ்டைன்தாலும். 1860-ல் 'மக்கள் உளவியலு'க்கென்றே ஒரு இதழ் கொண்டுவந்தார்கள். லாட்சரஸ் சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: செடியைப் பார்த்தே அது எந்த இனம் என்று சொல்லிவிடலாம். மனிதரிடம் 'நீ எந்த மக்களைச் சேர்ந்தவன்?' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இது வெறும் ஏட்டுச்சுரைக்காய்தானே?

இல்லை. 1879 நவம்பரில் வரலாற்றாசிரியர் டிரைட்ஷ்கே யூதர்களைத் தாக்கி எழுதினார். லாட்சரஸ் யூதர். அடுத்த மாதமே பெர்லினில் 'தேசியம் என்றால் என்ன?' என்று உரையாற்றினார். ஒரு தேசத்தாரை ரத்தம் சேர்ப்பதில்லை, 'நாம் ஒரே மக்கள்' என்ற அவர்களுடைய நினைப்புதான் சேர்க்கிறது என்பது அவர் வாதம். 'தேசம் என்பது அன்றாட வாக்கெடுப்பு' என்று 1882-ல் பிரெஞ்சு அறிஞர் ரெனான் பாரிஸில் சொன்னது எல்லோருக்கும் தெரிகிறது, லாட்சரஸை மட்டும் மறந்துவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்புறம் எப்படி இது போருக்குத் துணை போனது?

'கேட்டுப் பார்' என்பதை விட்டுவிட்டு, 'நானே சொல்கிறேன்' என்று ஆரம்பித்ததால்தான். ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தவரும் மக்கள் உளவியல் பற்றி எழுதியவருமான வுண்ட், 1914-ல் ஜெர்மனியின் போரை நியாயப்படுத்திய 93 அறிஞர்கள் அறிக்கையில் கையெழுத்திட்டார். எதிர்ப்பக்கமும் சளைக்கவில்லை. 1916-ல் லண்டன் அறுவை மருத்துவர் டிராட்டர், ஜெர்மானியரை ஓநாய்க் கூட்டம் என்றும் ஆங்கிலேயரைத் தேனீக் கூட்டம் என்றும் எழுதினார். இதற்குப் பெயர் அறிவியல்!

போரிலிருந்து மனிதருக்கு விடுதலை உண்டா என்று ஐன்ஸ்டைன் கேட்டு, உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு எழுதிய பதில்?

1932-ல் எழுதியது. அழிக்கும் உந்துதலை ஒழிக்க முடியாது, மனிதருக்குள் பிணைப்பு வளர்ந்தால் அடக்கலாம் என்றார். அது அச்சானபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார்.

அமெரிக்கப் படையின் அறிவுத் தேர்வுக்கும் குடியேற்றத்துக்கும் என்ன தொடர்பு?

1917 முதல் சுமார் 17 லட்சம் பேருக்குத் தேர்வு வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்கள். வலையில்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி, 'என்ன குறைகிறது, வரைந்து காட்டு' என்பார்கள். நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய இத்தாலிய விவசாயி டென்னிஸை எங்கே கண்டார்? அமெரிக்காவில் அதிக வருடம் இருந்தவர்கள் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். 'பழகினால் வருகிறது' என்று சரியாகப் புரிந்துகொண்டிருக்கலாம். 1923-ல் பிரிகம் என்ற உளவியலாளர், 'இப்போது வருகிறவர்கள் மட்டம்' என்று தலைகீழாகப் படித்தார். நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்துக் குடியேறுவோரைக் குறைத்த 1924-ன் சட்டம் இதனால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், அந்த வெறுப்பு ஏற்கெனவே இருந்தது. அதற்கு இது எண்களை எடுத்துக் கொடுத்தது. 1930-ல் பிரிகமே தன் முடிவு தவறு என்று எழுதிவிட்டார். அந்த ஒதுக்கீட்டை நீக்கும் சட்டம் வர 1965 ஆனது.