பனி விளையாட்டுகளை நேரில் பார்க்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக்கையோ உலகக் கோப்பைப் பந்தயத்தையோ ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும். எந்த விளையாட்டுக்கு டிக்கெட் வாங்கலாம்?

தொலைக்காட்சியில் மயக்குகிற விளையாட்டு எல்லாமே நேரிலும் அப்படி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். டவுன்ஹில் பனிச்சறுக்கில் வீரர் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வருவார். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அவர் கண்ணில் படுவது சில நொடிகள்தான், மீதியைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். அந்த வேகத்தை உடம்பால் உணர ஒரு முறை போகலாம். ஆனால் முதல் டிக்கெட் அதுவாக வேண்டாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது பயத்லான், அதாவது பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பந்தயம். மூச்சிரைக்கச் சறுக்கி வந்து, துப்பாக்கியை எடுத்து, 50 மீட்டர் தள்ளியுள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. குண்டு பட்டால் கறுப்பு வட்டம் வெள்ளையாகிவிடும், அதை அரங்கிலிருந்தே பார்க்கலாம். பெரும்பாலான பந்தயங்களில், தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனை வளையத்தை ஒரு முறை சுற்ற வேண்டும். முதலில் வந்தவர் பத்தாவது இடத்துக்குப் போவது உங்கள் கண்ணெதிரே ஒரே நிமிடத்தில் நடந்துவிடும். எனவே சுடுதளத்தைப் பார்த்த இருக்கையாகக் கேளுங்கள்.

பந்தய வகையையும் பார்த்து வாங்குங்கள். தொடர் ஓட்டம், முந்தைய பந்தயத்தின் நேர வித்தியாசப்படி கிளம்பும் துரத்தல் ஓட்டம், எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் ஓட்டம் ஆகியவற்றில் முதலில் கோட்டைத் தொட்டவரே வெற்றியாளர். ஸ்பிரிண்ட், தனிநபர் ஓட்டங்களில் ஒருவர்பின் ஒருவராக இடைவெளிவிட்டுக் கிளம்புவதால், திரையில் ஓடும் நேரத்தைக் கவனித்தால்தான் யார் முன்னணி என்பது புரியும். தனிநபர் ஓட்டத்தில் வளையம் கிடையாது, தவறுக்கு நேரத்தைக் கூட்டிவிடுவார்கள்.

அடுத்த தேர்வு, சரிவில் சறுக்கி வந்து தாவிப் பறக்கும் ஸ்கை ஜம்பிங். தரையிறங்கும் சரிவின் பக்கவாட்டில் நின்றால் பறத்தல் முழுவதும் தெரியும். அதிக தூரம் பறந்தவரே ஜெயிப்பார் என்பதில்லை. தூரத்துக்கான புள்ளிகளோடு பாணிக்கும் மதிப்பெண் உண்டு. ஐந்து நடுவர்கள் தரும் அந்த மதிப்பெண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மீதி மூன்றைச் சேர்ப்பார்கள். காற்றின் திசைக்கும் வேகத்துக்கும் தனியே புள்ளிகள் கூடும், குறையும். இரண்டாம் சுற்றுக்குத் தேர்வானவர்களில் முதல் சுற்றில் கடைசியாக இருந்தவர் முதலில் தாவுவார், முன்னணி வீரர் கடைசியில்தான் வருவார். கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும் ஸ்லாலத்திலும் இரண்டாம் சுற்றில் முதல் 30 பேருக்கு இதே தலைகீழ் வரிசைதான். கூட்டத்துக்கு பயந்து முன்கூட்டியே கிளம்புகிறவர்கள் நல்ல பகுதியைத்தான் இழக்கிறார்கள்.

கேள்வி: மூன்று மணி நேரம் பனியில் நிற்பதற்கு எப்படி உடுத்துவது?

கடுமையான குளிர்ப் பிரதேசத்தில் வாழ்கிறவர்கள்கூட இங்கே ஏமாறுவதுண்டு. நடக்கும்போது போதுமாக இருக்கும் உடை, அசையாமல் நிற்கும்போது போதாது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20 போல இருக்கும்.

உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்கு. பருத்தி எந்த அடுக்கிலும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்துவிடும், நின்றதும் அந்த ஈரமே உடலைக் குளிரவைக்கும். மலைப் பந்தயங்களில் வாகனம் நிற்கும் இடத்திலிருந்து மேட்டில் ஏறி நடக்க வேண்டி வரும். அப்போது ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். நின்றதும், குளிர் தெரிவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விறைப்பது பாதங்கள்தான். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் மோசமாகும். ஒரு அளவு பெரிய பூட்ஸ், ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை என்பதே சரி. காலுக்கடியில் போட ஒரு துண்டு ஃபோம் விரிப்பு எடுத்துப் போங்கள். பூட்ஸின் அடிப்பாகம் வழியாக வெப்பம் பனிக்குள் இறங்குவதை அது தடுக்கும், எடையும் இல்லை. கையில் வைக்கும் வெப்பப் பொட்டலம் காற்று பட்டால்தான் சூடாகும். அதை பூட்ஸுக்குள் வைத்தால் சீக்கிரம் அணைந்துவிடும், கால்விரலுக்கென்று செய்ததையே வாங்குங்கள். எதையும் தோலில் நேரடியாக ஒட்டக் கூடாது.

விரல் நுனியோ காதோ மூக்கோ வெளுத்து உணர்விழந்தால் உடனே உள்ளே போய்விடுங்கள். பனியால் தேய்ப்பது தவறு, தேய்க்கவே கூடாது. மதுவும் வேண்டாம். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது, சூடாக இருப்பதுபோன்ற உணர்வு மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: டிக்கெட் ஃபோனில் இருக்கிறது. குளிரில் ஃபோன் அணைந்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள் மின்தடை கூடுவதால், 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் நின்றுவிடலாம். வாசலில் வரிசையில் நிற்கும் நேரம் முழுவதும் ஃபோனை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள். பவர் பேங்கையும் அங்கேயே வைத்தால் நல்லது. கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸின் உள்ளும் புறமும் ஈரம் படியும். வெளியிலேயே ஜிப் உறையில் போட்டு மூடிவிட்டு உள்ளே வாருங்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பந்தயத்தைத் தள்ளி வைத்துவிட்டால் என்ன செய்வது?

மலைச்சரிவுப் பந்தயங்களில் அதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பலத்த காற்றால் ஆண்கள் டவுன்ஹில் பிப்ரவரி 11-லிருந்து 15-க்குத் தள்ளிப்போனது. 2022 பெய்ஜிங்கிலும் அதே பந்தயம் காற்றால் ஒரு நாள் தள்ளியது. ஆகவே மலைப் பந்தயத்தைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள், அடுத்த நாளைக் காலியாக விடுங்கள், திரும்பும் விமானத்தைப் பந்தய நாளுக்கே பதிவு செய்யாதீர்கள். தள்ளிவைத்தால் அதே டிக்கெட் செல்லுமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், வாங்கும்போதே விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளரங்கப் போட்டிகளுக்கு எந்த இருக்கை?

ஐஸ் ஹாக்கியில் கண்ணாடித் தடுப்பை ஒட்டிய முதல் வரிசைகளில் மோதலின் வேகம் தெரியும், ஆட்டத்தின் அமைப்பு தெரியாது. நடுப்பகுதியில் சற்று உயரமான இருக்கையே மேல். பனித்தளத்தில் கல்லை இலக்கு வட்டத்தை நோக்கி வழுக்கவிடும் கர்லிங்கில் ஒரே நேரத்தில் நான்கு ஆட்டங்கள் நடக்கலாம். கல் எங்கே நிற்கிறது என்பது மேலிருந்துதான் புரியும் என்பதால் உயரத்தில் அமர்ந்து ஒரே ஆட்டத்தை முழுதாகத் தொடருங்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் கேமரா ஃபிளாஷை அணைத்து வையுங்கள், ஒருவர் ஆடி முடிக்கும்வரை எழுந்து நடக்காதீர்கள். அரங்கம் குளிர்ச்சியாகவே இருக்கும், ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

கேள்வி: பனியில் சன்ஸ்கிரீன் எதற்கு?

புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும், உயரம் கூடக் கூட கதிரும் கூடும். தாடையின் அடிப்புறம், மூக்கின் கீழ்ப்பகுதி, காதின் பின்புறம் மூன்றிலும் தடவுங்கள், வெயில் கண்ணாடி பக்கவாட்டையும் மூடுவதாக இருக்கட்டும்.